நிதிக்கு முந்திய பிளக்ஸ்

கொடைக்கானல் மலையில் எங்கள் கவுஞ்சி பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது என் முகம்தான். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். பக்கத்தில் ஒரு திமிங்கிலம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மேலே கொட்டை எழுத்தில், 'கடலை வென்ற எங்கள் மலைமகளே!' கீழே, 'அறுபது லட்ச ரூபாய் கடல் ஆராய்ச்சி நிதி வென்ற இளம் விஞ்ஞானி முனைவர் செ. மகாதேவி அவர்களை வாழ்த்தி மகிழும் அன்புத் தம்பி பழனிக்குமார் மற்றும் நண்பர்கள்.' நண்பர்கள் அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள்.

இதில் உண்மை என்று பார்த்தால் என் பெயர், நான் வாங்கிய பட்டம், தம்பிக்கு என் மேல் இருக்கும் அன்பு. மிச்சமெல்லாம் கப்சா. நான் எந்த நிதியையும் வெல்லவில்லை. கடலையும் வெல்லவில்லை. நான் ஆராய்வது கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி. மன்னார் வளைகுடாவில் சில வருடம் அது திடீரென்று பெருகித் தண்ணீரையே பச்சையாக்கிவிடும். மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்துக் கரை ஒதுங்கும். அது எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி. திமிங்கிலத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தூத்துக்குடியில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டம் முடிந்ததும் சம்பளம் நின்றது. வாடகை கட்ட வழியில்லாமல் மூட்டை முடிச்சோடு மலைக்கு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து பூண்டு வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதே என் சோலியாகிப் போனது. இளம் கடல் விஞ்ஞானிகளுக்கு நிதி என்று ஊரெல்லாம் தமுக்கடிக்கிறார்கள். உள்ளே போய்ப் படித்தால்தானே தெரியும் லட்சணம். ஒன்றில் முப்பத்திரண்டு வயதைத் தாண்டக் கூடாது. ஒன்றில் நிரந்தர வேலை இருக்க வேண்டும். நிரந்தர வேலை இருந்தால் நான் ஏன் உன் வாசலில் நிற்கிறேன்? இன்னொன்றில், முதல் நிதி தர வேண்டுமானால் இதற்கு முன் வாங்கிய நிதியின் விவரத்தைக் காட்டச் சொல்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்? இன்னும் ஒன்று தீவு நாட்டுக்காரர்களுக்கு மட்டுமாம். நான் கவுஞ்சியைத் தீவு என்று எழுதிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பொய்யும் இல்லை.

என் கதைக்குப் பொருந்தி வந்தது ஒரே ஒரு அறக்கட்டளைதான். நிரந்தர வேலை வேண்டாம், வயது வரம்பு இல்லை, முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, அவ்வளவே. எனக்கு ஐந்து வருடம் முடிய இன்னும் சில மாதங்கள் பாக்கி இருந்தன. இதை விட்டால் எனக்கு வேறு கதவு இல்லை. பி.எட். படித்துவிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்க வேண்டியதுதான். கடலை மேப்பில் காட்டலாம்.

எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. அதனால் என் மெயிலைத் தம்பி போனிலும் போட்டுவைத்திருந்தேன். பழனிக்குமார் தினமும் பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகிறவன். பூம்பாறையைத் தாண்டினால் அவன் போனுக்கு உயிர் வரும். ஏதாவது மெயில் வந்தால் எனக்குச் சொல்லுவான். நல்ல ஏற்பாடு என்று நானும் நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறேன், பஸ் ஸ்டாப்பில் கூட்டம். தைல மரக் கம்பு ஊன்றி, கயிறு கட்டி, என்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறான் தம்பி.

"ஏலே குமாரு, இது என்னலே?"

"அக்கா, மெயிலு வந்துருச்சுக்கா! மொத வரியிலயே வாழ்த்துகள்னு போட்டு, கீழ அறுவது லட்சம்னு போட்டிருந்தான். வத்தலக்குண்டுல லோடு எறக்கிட்டு அங்கனயே அடிச்சுக் கொண்டாந்துட்டேன்."

அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். வாழ்த்துகள், நீங்கள் நேர்காணலுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள். நிதி கிடைப்பவர்களுக்கு இவ்வளவு தொகை.

"இது இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதுலே. இன்னும் எதுவும் கெடைக்கல. வாழ்த்துகளுக்குக் கீழ படிச்சியா?"

"கீழ நெறைய இங்கிலீசுக்கா."

"நாப்பது பேரக் கூப்பிட்டிருக்கான். நாலு பேருக்குத்தான் குடுப்பான்."

அவன் முகம் கொஞ்சம் விழுந்தது. உடனே நிமிர்ந்துகொண்டான். "அந்த நாலு பேருல நீ இருக்க மாட்டியாக்கா?"

அப்படிக் கேட்பவனிடம் என்னத்தைச் சொல்ல? மாட்டேன் என்றா? அந்தப் போட்டோ வேறு, காலேஜில் சேரும்போது எடுத்தது. ஏண்டா இதைப் போட்டாய் என்றால், "இளம் விஞ்ஞானின்னு போடணும்ல" என்கிறான். கழற்றச் சொன்னேன். அதற்குள் எங்கம்மா பிச்சையம்மாள் ஓடி வந்துவிட்டாள். "ஏண்டி, நல்ல காரியத்துக்குக் கட்டுனத அவுக்கச் சொல்லுற? வாயக் கழுவுடி," என்று என்னைத்தான் வைதாள். எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் பிளக்ஸ், காலமானதற்கும் பிளக்ஸ். ஆனால் நடக்காத காரியத்துக்குப் பிளக்ஸ் வாங்கிய முதல் ஆள் நான்தான்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே. ரோட்டில் தலைகாட்ட முடியவில்லை. மேட்டுத்தெரு திருமலைச்சாமிப் பெரியப்பா மறித்துக்கொண்டு கேட்டார்.

"ஏத்தா, அறுவது லட்சம் வந்துருச்சாமே. பொதுவுல தண்ணிக்கு ஒரு போர் போட்டுக் குடுத்தா ஊரு ஒம்பேரச் சொல்லும்ல?"

"பெரியப்பா, இன்னும் வரல. வந்தாலும் எனக்கில்ல. படகு வாடகை, கருவி, மருந்து, எல்லாம் ஆராய்ச்சிக்கு."

"அப்ப ஒனக்கு?"

"மாசச் சம்பளம் கொஞ்சம் வரும்."

"அறுவது லட்சத்தக் கடல்ல கொட்டிட்டு மாசச் சம்பளமா!" அவர் நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டார். பிறகு பிளக்ஸைக் காட்டி, "அது என்னத்தா இளம் விஞ்ஞானி? நானும் ஒன்னய இருவது வருசமாப் பாக்குறேன், படிச்சுக்கிட்டே இருக்க. இன்னும் பால்வாடிலதான் வச்சிருக்கானுகளா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லையே. எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

நேர்காணல் மார்கழியில் என்றார்கள். ராத்திரி பகலாகத் தயார் செய்தேன். மார்கழியில் குழுத் தலைவர் வெளிநாடு போய்விட்டாராம், மாசிக்குத் தள்ளினார்கள். மாசியில் நிதியாண்டு முடிகிறதாம், மறுபடியும் தள்ளினார்கள். ஒவ்வொரு தடவையும் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி. வருந்துகிறார்களாம்! பஸ் ஸ்டாப்பில் என் முகம் வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தது. அந்தப் பாழாய்ப்போன திமிங்கிலம் மட்டும் கறுகறுவென்று அப்படியே இருந்தது.

கடைசியில் மே மாதம் ஒரு திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்கு என்று முடிவானது. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசும் நேர்காணல். கவுஞ்சியில் அது ஆகாத காரியம். கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் என் பள்ளிக்கூடத் தோழி சுகன்யா ரிசப்ஷனில் இருக்கிறாள். சீசன் நேரம், ரூம் ஒன்றும் காலி இல்லை. ஆனால் பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்கிறது, பன்னிரண்டுக்குத்தான் அடுத்த குடும்பம் வருகிறது. அந்த ஒரு மணி நேரம் ரூம் என்னுடையது என்றாள்.

வெள்ளனே பிக்கப்பில் கிளம்பினோம். பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை, முன்னால் நானும் தம்பியும். சீசன் நெரிசலில் ஏரிச்சாலைக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. இறங்கி லேப்டாப்பை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது படுக்கை கலைந்து கிடந்தது, யாரோ தின்ற பிஸ்கட் தூள் மேசையெல்லாம். ஒரு சுவர் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

பதினோரு மணிக்கு யாரும் வரவில்லை. திரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் ஐந்து பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆங்கிலத்தில்தான் பேசினோம், இங்கே தமிழில் சொல்கிறேன். என் பாசிக் கணக்கைச் சொன்னேன். கரையோரப் படகுகளில் எளிய கருவி பொருத்தி எப்படி முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்று விளக்கினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே, "இந்த வருடம் நாங்கள் கேட்டதிலேயே தெளிவான திட்டம் இதுதான்," என்றார். எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி என்று நிஜமாகவே நம்பினேன். தம்பியின் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அப்போது ஓரமாக இருந்த ஒரு அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "உங்களுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது எந்த மாதம்?"

"ஏப்ரல்."

"அப்படியானால் போன மாதத்தோடு ஐந்து வருடம் முடிந்துவிட்டதே. நிதி தொடங்கும் நாளில் ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி."

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் கோபம் உச்சி மண்டை வரை ஏறியது.

"அம்மா, நான் விண்ணப்பித்தபோது ஐந்து வருடம் ஆகவில்லை. நீங்கள் முதலில் சொன்ன மார்கழியில் நடத்தியிருந்தால், மாசியில் நடத்தியிருந்தால்கூட, நான் தகுதியானவள். தள்ளிப் போட்டது நீங்கள்தானே?"

"அது நிர்வாகக் காரணம். விதி எல்லோருக்கும் பொது."

"விதியை எழுதியதும் நீங்கள், தேதியைத் தள்ளியதும் நீங்கள். நடுவில் வயதானது மட்டும் என் குற்றமா?"

குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. "என் திட்டத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள், வாயை மூடிக்கொண்டு போகிறேன். கடலில் பாசி உங்கள் கமிட்டிக்குக் காத்திருந்து பூக்குமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அந்த நேரம் பார்த்துக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. வெளியே ஒரு குழந்தை வீல் வீலென்று கத்தியது. "என்னங்க, பணத்த வாங்கிட்டு வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க?" என்று ஒரு ஆண் குரல். "மகா, கெஸ்ட் வந்துட்டாங்கப்பா, வெரசா முடி," என்று சுகன்யாவின் குரல்.

குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். "உங்கள் ஆதங்கம் புரிகிறது. விதிவிலக்கு தர முடியுமா என்று நிச்சயம் பேசுகிறோம்," என்றார். திரை அணைந்தது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மூன்று மாதம் ஓட்டினேன். வேறு என்ன இருந்தது எனக்கு?

திரும்பும்போது தம்பி திரும்பத் திரும்பக் கேட்டான். "எப்புடிக்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அப்ப கெடச்சிரும்."

"பேசாம ஓட்டுலே."

ஆவணி வந்தது. பூண்டு பிடுங்குகிற நேரம். ஊரில் ஒரு கை ஓய்வாக இல்லை. நான் மட்டும் அன்று கொடைக்கானல் போயிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை வேண்டும் என்று சுகன்யா சொல்லியிருந்தாள். அப்பாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று அவரிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் என் படிப்பைப் பார்த்துவிட்டு, இவ்வளவு படித்தவர் நிலைக்க மாட்டீர்களே என்றார்கள். நிதி தருகிற இடத்தில் வருடம் கூடிவிட்டது, இங்கே படிப்பு கூடிவிட்டது. நல்ல கூத்து.

சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினேன். தூறல் ஆரம்பித்திருந்தது. ஏதோ ஒன்று இல்லாததுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தைல மரக் கம்பு இரண்டும் நின்றன. பிளக்ஸைக் காணோம்.

கயிற்றை அறுக்கக்கூட இல்லை, முடிச்சை அவிழ்த்து எடுத்திருந்தார்கள். பத்து மாதமாக நான் கழற்றச் சொல்லிக் கழற்றாத தம்பி, இன்று யாரும் சொல்லாமலே கழற்றியிருக்கிறான். எனக்கு எந்த மெயிலையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கம்புகளுக்கு நடுவே நின்று, "சண்டாளப் பாவிகளா," என்று சத்தமாகவே சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது.

தோட்டத்துக்கு நடந்தேன். மேட்டில் பிக்கப் நின்றது. தம்பி உள்ளேயே உட்கார்ந்திருந்தான், இறங்கவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். போனைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்தத் தடவை கீழே இருந்த இங்கிலீஷ் முழுவதையும் யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

வருந்துகிறோம். உங்கள் திட்டம் மிகச் சிறப்பானது. எனினும் விதிமுறைப்படி நீங்கள் தொடக்கநிலை விஞ்ஞானி அல்ல. இடைநிலை விஞ்ஞானிகளுக்கான எங்கள் நிதிக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஊக்கப்படுத்துகிறோம்.

அந்த இடைநிலை நிதியின் விதி எனக்கு மனப்பாடம். நிரந்தர வேலை வேண்டும், அதில் பத்து வருட அனுபவம் வேண்டும். அதாவது நான் தொடக்கமும் இல்லை, நடுவும் இல்லை. அப்படியானால் நான் யார்? சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

"என்னாலதான்க்கா," என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது. "முந்திக்கிட்டுப் பிளக்ஸக் கட்டுனேன்ல. கண்ணு பட்டுருச்சுன்னு அம்மா அழுகுது."

அவன் மேல் பழியைப் போட்டால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும்தான். ஆனால் அவன் மூஞ்சியைப் பார்த்தபிறகு மனசு வரவில்லை.

"கிறுக்குப்பயலே, ஒம்பிளக்ஸால ஒண்ணும் போகல. அவனுக தேதியத் தள்ளுனானுக, எனக்குக் காலம் முடிஞ்சிருச்சு. எறங்கு மொதல்ல. மழ வலுக்குது, அங்க அப்பா ஒத்தையில மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்காரு."

பிடுங்கிய பூண்டுக் கட்டுகளைக் களத்தில் குவித்து மூடிக்கொண்டிருந்தார் அப்பா. தார்ப்பாய் ஒரு பக்கம்தான் எட்டியிருந்தது. மறுபக்கம் வெள்ளையாக ஒரு விரிப்பு. கிட்டே போய் நுனியைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட நண்பர்கள் வரிசையாகத் தெரிந்தார்கள். என் பிளக்ஸ்தான். அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்துக் கவிழ்த்து மூடியிருந்தார்.

"தார்ப்பா பத்தல தாயி," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். செல்லப்பாண்டி என்கிற என் அப்பா நான் படித்த இத்தனை வருடத்தில் ஒருநாளும் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டதில்லை. இன்றும் எதையும் கேட்கவில்லை.

"சரிப்பா. ஆனா ஏன் கவுத்துப் போட்டீங்க?"

"அது கெடக்கட்டும் தாயி."

"சொல்லுங்க."

"போறவன் வாரவன் பாப்பான். ஒம்மொகத்துல மழ வேற விழுகும்."

தூக்கிய நுனியின் கீழே பூண்டைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த மை ஈரத்தில் உதிர்ந்து, மேல் கட்டுகளில் நீலம் நீலமாக அப்பியிருந்தது.

"அப்பா, மை ஒட்டுது பாருங்க. இப்புடியே கொண்டுபோனா வடுகபட்டி சந்தையில ஒருத்தன் கைய வைக்க மாட்டான். திருப்பிப் போடணும்."

"வேணாம் தாயி."

"என்ன வேணாம்? அதுதான் போச்சு, பூண்டுமா போகணும்? புடிங்க அந்தப் பக்கம். ஏலே குமாரு, நீ அந்த மூலையப் புடி."

மூன்று பேருமாகச் சேர்ந்து திருப்பினோம். காற்று அதைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. திமிங்கிலம் மேலே வந்தது, 'கடலை வென்ற' வந்தது, நான் வந்தேன். ஓரங்களில் தம்பி கல் தூக்கி வைத்தான். நாலு மூலையும் நின்றுவிட்டது. நடுவில் மட்டும் காற்று புகுந்து உப்பிக்கொண்டே இருந்தது. அங்கே ஒரு கல் வைத்தாக வேண்டும்.

அப்பா ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வைக்க வேண்டிய இடத்தில் என் நெற்றி இருந்தது. மழை அவர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. கல்லை இந்தப் பக்கம் கொண்டுபோனார், அந்தப் பக்கம் கொண்டுபோனார், வைக்கவில்லை.

"குடுங்கப்பா," என்று வாங்கி நானே வைத்தேன்.